பேஸ்பால்ல இளம் பிட்சரை (பந்து போடறவரை) ஸ்டார்ட்டர் (ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கறவர்) ஆக்கறதா புல்பென்ல (நடுவுல வர்ற ரிலீவர்கள் கூட்டத்துல) போடறதா, டீம்கள் இதை எப்படி முடிவு பண்றாங்க?

பாஸ்டன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பாஸ்டன் பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸைப் பாக்கறவங்க இங்க நாலு பேராவது இருப்பீங்கன்னு நம்பி கேக்கறேன். 2025 சீசன் கடைசில ரெண்டு இளம் இடதுகை பிட்சர்களை மேல கூட்டிட்டு வந்தாங்க, பேட்டன் டோலி, கானலி எர்லி. டோலி ஆகஸ்ட் கடைசில எங்க ஃபென்வே மைதானத்துல, பிட்ஸ்பர்க் டீமோட பெரிய ஸ்டார்ட்டர் பால் ஸ்கீன்ஸுக்கு எதிரா முதல் ஆட்டம் ஆடினார், ஆறரை அடி ஆளு, அந்த உயரத்துலேர்ந்து பந்து வர்ற விதமே மிரட்டலா இருந்துச்சு, அடுத்த பத்து வருஷத்துக்கு நமக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு வீட்டுல பேசிக்கிட்டோம். எர்லி அதுக்கப்புறம் செப்டம்பர்ல வந்தார், முதல் ஆட்டத்துலயே அஞ்சு இன்னிங்ஸ்ல 11 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆகறது).

ஆனா சீசன் முடியறதுக்குள்ள டோலியை புல்பென்ல உக்கார வெச்சுட்டாங்க. யாங்கீஸ் கூட நடந்த வைல்ட் கார்ட் தொடர்ல, அதாவது ப்ளேஆஃப் முதல் சுத்துல, மூணாவது ஆட்டத்துக்கு ஸ்டார்ட்டரா இறங்கினது எர்லிதான். ஸ்பீட் பாத்தா டோலி மேல, பேர் பாத்தாலும் டோலி மேல, அவரை ட்ராஃப்ட்ல (புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையா எடுக்கறது) ரெண்டாவது ரவுண்டுல எடுத்தாங்க, எர்லி அஞ்சாவது ரவுண்டு. அப்புறம் எதை வெச்சு இப்படி பிரிக்கறாங்க?

இன்னொண்ணு. எங்க டீம்லயே இப்ப பெரிய ஆளு கேரெட் க்ரோஷே. அவர் சிகாகோ வொயிட் சாக்ஸ்ல ரிலீவராத்தானே ஆரம்பிச்சார், இப்ப இங்க 2025ல 200 இன்னிங்ஸ் தாண்டி 255 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து நிக்கறார். அவரை ஏன் முதல்லயே ஸ்டார்ட்டர் ஆக்கலை? புல்பென்ல இருந்த காலம் அவருக்கு பாடமா இருந்துச்சா இல்ல வீணாப் போச்சா? கிரிக்கெட் பாத்து வளர்ந்தவன் கண்ணுக்கு ஸ்டார்ட்டர்னா டெஸ்ட் மேட்ச் பௌலர், ரிலீவர்னா டி20ல கடைசி ஓவர் போடறவர் மாதிரி தெரியுது, அப்படிப் பாக்கறது சரியான்னும் சொல்லுங்க. மைனர் லீக்ல, அதாவது மேஜர் லீக்குக்கு கீழ பசங்க பழகற இடத்துல, நேர்ல பாத்துப் பழகினவங்க யாராவது இருந்தா விளக்கமாவே எழுதுங்க, நீளமா இருந்தாலும் படிக்கிறேன்.

ஃப்ரிஸ்கோ_செல்வா:

நல்ல கேள்வி, நான் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கேன், ரேஞ்சர்ஸோட டபுள் ஏ டீம் இங்கதான் ஆடுது (மைனர் லீக்ல சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு படி ஏறும்), அதனால இந்த விஷயத்தை கொஞ்சம் கிட்டத்துலேர்ந்து பாத்திருக்கேன்.

முதல்ல உங்க கிரிக்கெட் கணக்கு. பாதி சரி. டெஸ்ட் பௌலர் ஒரு ஸ்பெல் போட்டுட்டு ஃபைன் லெக்ல நின்னு மூச்சு வாங்கிட்டு சாயங்காலம் திரும்ப வரலாம், இங்க ஒரு தடவை வெளிய எடுத்துட்டா அன்னிக்கு அந்த பிட்சர் கதை முடிஞ்சுது. அதோட எதிர்ல இருக்கற ஒம்போது பேரும் வரிசை மாறாம சுத்தி சுத்தி வந்துட்டே இருப்பாங்க, அவுட் ஆனாலும் திரும்ப வருவாங்க. முடிவு இங்கதான் இருக்கு. முதல் சுத்துல பேட்டருக்கு பந்து புதுசு. ரெண்டாவது சுத்துல ஓரளவு பிடிபடும். மூணாவது சுத்துல அந்த பிட்சர் கையை நல்லா படிச்சிருப்பாங்க, பேட்டர்களோட கணக்கு ஏறிட்டே போகும், பெரிய பெரிய பிட்சர்களுக்கும் இது நடக்கும். 2020 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்துல ப்ளேக் ஸ்னெல் 73 பந்துதான் போட்டிருந்தார், 9 ஸ்ட்ரைக்அவுட், அப்படி இருந்தும் டாட்ஜர்ஸ் வரிசை மூணாவது தடவை வர்றதைப் பாத்து ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்துட்டார், ஆட்டமும் தோத்தாங்க, எனக்கு இன்னிக்கும் அந்த முடிவு பிடிக்கலை, ஆனா எந்த பயத்துல எடுத்தார்னு புரியுது.

ஸோ ஸ்டார்ட்டர் ஆகணும்னா அந்த மூணாவது சுத்துக்கு காட்ட ஏதாவது புதுசா கையில வேணும். ஃபாஸ்ட்பால் (வேகப் பந்து), ஸ்லைடர் (கடைசில பக்கவாட்டுல விலகற பந்து) ரெண்டும் இருந்தா ரிலீவர் வாழ்க்கையை ஓட்டிடலாம், ஒரு இன்னிங்ஸ்ல மூணு இல்ல நாலு பேரைத்தானே பாக்கறார். ஸ்டார்ட்டருக்கு மூணாவதா ஒண்ணு வேணும், பெரும்பாலும் அது சேஞ்ச்அப்பா (ஃபாஸ்ட்பால் மாதிரியே காட்டி மெதுவா வர்ற பந்து) இருக்கும், ஏன்னா இடதுகை பிட்சரை வலதுகை பேட்டர் நல்லா பாப்பான், அவனை ஏமாத்த ஸ்லைடர் போதாது. அப்புறம் ஒரே மாதிரி கை வீச்சை தொண்ணூறு பந்துக்கும் திரும்பத் திரும்ப செய்ய வரணும், வால்க் (நாலு பந்து தப்பா போட்டு பேட்டரை சும்மா முதல் பேஸுக்கு விடறது) குடுத்துட்டே இருந்தா அஞ்சாவது இன்னிங்ஸ் வரைக்கும் போக முடியாது. உங்க டோலி மேல வந்தப்போ பாதிக்கு மேல ஃபாஸ்ட்பால்தான் போட்டார், மத்த பந்து மேல அவருக்கே முழு நம்பிக்கை வரலைன்னு பாக்கறப்பவே தெரிஞ்சுது. எர்லி அவரை விட மெதுவா போட்டாலும் அஞ்சாறு விதமா போடறார். அக்டோபர் ஆட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கறப்போ அதான் எடுபட்டிருக்கும்.

மைனர் லீக்ல ஒரு விஷயத்தை கவனிச்சா இது இன்னும் நல்லா விளங்கும். கொஞ்சமாவது திறமை இருக்கற எல்லாரையும் அங்க ஸ்டார்ட்டராத்தான் ஆட விடுவாங்க. எல்லாரும் ஸ்டார்ட்டர் ஆவாங்கன்னு நம்பி இல்ல. ஸ்டார்ட்டருக்கு ஒரு ஆட்டத்துல எழுபது எண்பது பந்து கிடைக்கும், என்னிக்கு போடப் போறார்னு முன்னாடியே தெரியும், நடுவுல ஒரு நாள் கோச் கூட நின்னு சும்மா பழக நேரம் இருக்கும். ரிலீவருக்கு அந்த வசதி கிடையாது, ஃபோன் அடிச்சா எழுந்து கை சூடு பண்ணிட்டு ஓடணும். அதனால புது பந்து கத்துக்கணும்னா ஸ்டார்ட்டரா இருந்தாத்தான் முடியும். ஃப்ரிஸ்கோல உக்காந்து பாத்தா ஒரு பையன் சேஞ்ச்அப் போடுவான், அடி வாங்குவான், மறுபடியும் அதையே போடுவான், பக்கத்துல இருக்கறவங்க இவனுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. அவனுக்கு அன்னிக்கு குடுத்த வேலையே அதுதான், ஸ்கோர் பத்தி கவலைப்படாம அந்த பந்தை இத்தனை தடவை போட்டே ஆகணும்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க. இன்னிக்கு மேஜர் லீக் புல்பென்ல உக்காந்திருக்கறவங்கள்ல முக்கால்வாசி பேர் கீழ ஸ்டார்ட்டரா இருந்து, மூணாவது பந்து கைக்கு வராம அங்க போனவங்கதான். க்ளோசரா (கடைசி இன்னிங்ஸை முடிச்சு வைக்கற ரிலீவர்) பெரும் பேர் வாங்கின மரியானோ ரிவேராவே 1995ல யாங்கீஸுக்கு பத்து ஆட்டம் ஸ்டார்ட்டரா இறங்கினவர்.

இப்ப எதிர்ப்பக்கம், புல்பென்லேர்ந்து ஸ்டார்ட்டர் ஆக்கறது. இதுல எங்க ரேஞ்சர்ஸ் பட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல. நோலன் ரயன் டீம் தலைவரா இருந்த காலம், ஸ்டார்ட்டர்னா ரொம்ப தூரம் போகணும்னு அவருக்கு பிடிவாதம். சி.ஜே. வில்சன் 2008ல க்ளோசர், 2010ல அவரை ரொட்டேஷன்ல (ஸ்டார்ட்டர்கள் முறை வெச்சு போடற வரிசை) போட்டாங்க, 204 இன்னிங்ஸ் 15 வின், டீம் வேர்ல்ட் சீரிஸ் போச்சு. அடுத்த வருஷம் அலெக்ஸி ஒகாண்டோ, அவரும் முந்தின வருஷ ரிலீவர்தான், ஆல் ஸ்டார் ஆனார். ரெண்டு தடவை பலிச்சதும் மூணாவதா நெஃப்டாலி ஃபெலிஸ். 2010ல 40 சேவ் (சின்ன முன்னிலையைக் காப்பாத்தி ஆட்டத்தை முடிக்கறது) எடுத்து ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கினவர், 2012ல ஸ்டார்ட்டர் ஆக்கினாங்க, ஏழு ஸ்டார்ட்லயே முழங்கை போச்சு, முழங்கை நாரை மாத்தி வைக்கற டாமி ஜான் ஆபரேஷன், அதுக்கப்புறம் பழைய ஃபெலிஸை நாங்க பாக்கவே இல்ல. அப்பவும் விடலை, 2014ல டேனர் ஷெப்பர்ஸ்னு ஒரு ரிலீவரை எடுத்து நேரா ஓப்பனிங் டே (சீசன் முதல் நாள்) ஸ்டார்ட்டரா இறக்கினாங்க, மேஜர் லீக்ல அவருக்கு அதுதான் முதல் ஸ்டார்ட்டே. அன்னிக்கு பில்லீஸ் வெளுத்து வாங்கினாங்க, சீக்கிரமே அவருக்கும் முழங்கை. என்னைக் கேட்டா வித்தியாசம் இதான், வில்சன் வயசுல முதிர்ந்து கையில நாலஞ்சு விதம் வெச்சிருந்தார், ஃபெலிஸ் மூணு வருஷம் ஒரு இன்னிங்ஸ் முழு வேகம்னே பழகிட்டு ஒரே குளிர்காலத்துல மாறணும்னு நின்னார்.

சௌத்சைட்_மீனா:

செல்வா ஷெப்பர்ஸ் பேரைச் சொன்னதும் நான் வந்தே ஆகணும், ஏன்னா க்ரோஷேவுக்கும் மேஜர் லீக்ல முதல் ஸ்டார்ட் ஓப்பனிங் டேதான்! 2024, எங்க வொயிட் சாக்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரா. ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன், எட்டு ஸ்ட்ரைக்அவுட், எங்காளுங்க ஒரு ரன் கூட எடுக்காம 1-0ன்னு தோத்தோம், அந்த வருஷம் முழுக்கவே எங்களுக்கு அப்படித்தான், 121 தோல்வி.

பாஸ்டன்வாசி கேட்ட "ஏன் முதல்லயே ஸ்டார்ட்டர் ஆக்கலை"க்கு வரேன். க்ரோஷேவை 2020 ட்ராஃப்ட்ல 11வது ஆளா எடுத்தாங்க. அது கொரோனா வருஷம், மைனர் லீக் சீசனே ரத்து, கத்துக்க அனுப்ப இடமே இல்ல. டீம் ப்ளேஆஃப் போட்டில இருந்துச்சு, பையன் நூறு மைல் தாண்டி போடறான், நேரா செப்டம்பர்ல மேல கூட்டிட்டு வந்து புல்பென்ல நிறுத்திட்டாங்க. மைனர் லீக்ல ஒரு பந்து கூட போடாம மேஜர் லீக் வந்தவர் அவர். 2021 முழுக்க ரிலீவர். 2022 வர்றதுக்குள்ள முழங்கை, டாமி ஜான், அந்த வருஷமே இல்ல. 2023ல வெறும் 12 இன்னிங்ஸ் சொச்சம். அந்த சீசன் முடிஞ்சதும் அவரே போய் மேனேஜ்மெண்ட்கிட்ட என்னை ஸ்டார்ட்டர் ஆக்குங்கன்னு கேட்டார். அப்படி கேட்டு வாங்கினதுதான் இந்த வாய்ப்பு.

2024ல 32 ஸ்டார்ட், 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக்அவுட். இன்னிங்ஸை கவனிங்க, 32 ஸ்டார்ட்டுக்கு அது கம்மி. ஜூலைலேர்ந்து ஒரு ஆட்டத்துக்கு நாலு இன்னிங்ஸுக்கு மேல விடவே இல்ல. 12லேர்ந்து 146க்கு போறதே பெரிய தாவல், அதுக்கு மேல போனா கை தாங்குமான்னு பயம். அந்த வருஷம் நிறைய பேர் திட்டினாங்க, ஆட்டத்தை பாதில விட்டுட்டு போறார்னு. நான் அப்பவும் அந்த முடிவு சரின்னுதான் வாதாடினேன், மெதுவா ஏத்தினதாலதான் 2025ல பாஸ்டனுக்கு 205 இன்னிங்ஸ் போட முடிஞ்சுதுன்னு உறுதியா நம்பறேன்.

எங்க டீமுக்கு இது புதுசும் இல்ல. மார்க் பர்லி 2000ல புல்பென்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே 221 இன்னிங்ஸ் ஸ்டார்ட்டர். க்ரிஸ் சேல் 2010ல ட்ராஃப்ட் ஆன சில வாரத்துலயே மேல வந்து, 2011 முழுக்க ரிலீவர், 2012ல ஸ்டார்ட்டர் ஆகி 17 வின். 2012 மே மாசம் அவருக்கு முழங்கைல லேசா வலின்னதும் பயந்து போய் க்ளோசர் ஆக்கிட்டாங்க, சேல் ஒத்துக்கவே இல்ல, சண்டை போட்டு ஸ்கேன் எடுத்து கையில ஒண்ணும் இல்லன்னு காட்டி சில நாள்லயே ரொட்டேஷனுக்கு திரும்பினார். இவங்க எல்லாருக்கும் புல்பென் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் தங்கற இடம், அடுத்து எங்க போகணும்னு அவங்க மனசுல தெளிவா இருந்துச்சு. பழைய பால்டிமோர் மேனேஜர் ஏர்ல் வீவர் காலத்துலேர்ந்து இந்த வழி உண்டு, இளம் பிட்சரை முதல்ல லாங் ரிலீஃப்ல (நடுவுல வந்து நிறைய இன்னிங்ஸ் போடற வேலை) விட்டு, நெருக்கடி இல்லாத இன்னிங்ஸ்ல பழக்கி, அப்புறம் ரொட்டேஷன்.

இதுக்கு நேர் எதிர் ஜோபா சேம்பர்லெயின். 2007 ஆகஸ்ட்ல யாங்கீஸுக்கு வந்தார், 24 இன்னிங்ஸ்ல ஒரே ஒரு எர்ன்ட் ரன் (ஃபீல்டிங் தப்பு இல்லாம பிட்சர் கணக்குல சேர்ற ரன்), அவரை இத்தனை நாளைக்கு ஒரு தடவைதான் போட வைக்கலாம்னு தனி விதியே எழுதி வெச்சாங்க. 2008 நடு சீசன்ல ஸ்டார்ட்டர், ஆகஸ்ட்ல தோள்பட்டை காயம், திரும்ப புல்பென், 2009ல மறுபடி ஸ்டார்ட்டர், 2010ல மறுபடி புல்பென், 2011ல டாமி ஜான். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு வெச்சே அந்தப் பையனோட நல்ல வருஷம் எல்லாம் போச்சு. எனக்கு யாங்கீஸ் மேல பாசம் எதுவும் கிடையாது, ஆனா ஜோபாவை நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு.

அட்லாண்டா_குமார்:

செல்வா சொன்ன மூணாவது பந்து சட்டத்தை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ஸ்பென்சர் ஸ்ட்ரைடரைப் பாருங்க. 2022 ஆரம்பத்துல பிரேவ்ஸ் புல்பென்ல இருந்தார், மே கடைசில ரொட்டேஷன், ஃபாஸ்ட்பால் ஸ்லைடர் ரெண்டை மட்டும் வெச்சு 131 இன்னிங்ஸ் சொச்சத்துல 202 ஸ்ட்ரைக்அவுட், அடுத்த வருஷம் 281. சேஞ்ச்அப் எப்பவாவது ஒண்ணு காட்டுவார், அவ்வளவுதான். ரெண்டு பந்துமே தரமா இருந்தா ரெண்டு போதும். ஆனா 2024ல அவருக்கும் முழங்கை ஆபரேஷன் ஆச்சு, அதையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல.

இன்னொண்ணு யாருமே பணத்தைப் பத்தி பேசலை. டெலின் பெடான்சஸ் யாங்கீஸுக்கு மூணு வருஷம் தொடர்ந்து ஆல் ஸ்டார் ரிலீவரா இருந்துட்டு 2017ல சம்பள ஆர்பிட்ரேஷனுக்கு (சம்பளத்தை நடுவர்கள் முடிவு பண்றது) போனார், 50 லட்சம் டாலர் கேட்டார், 30 லட்சம்தான் கிடைச்சுது, ஏன்னா அவர் க்ளோசர் இல்ல, சேவ் கணக்கு கையில இல்ல. க்ரோஷே ஸ்டார்ட்டரா ஒரே ஒரு சீசன் ஆடி முடிச்சதும் பாஸ்டன் 2025 ஆரம்பத்துல ஆறு வருஷத்துக்கு 17 கோடி டாலர் குடுத்துச்சு. ஒரு இருபத்தி மூணு வயசு பையன் என்னை ஸ்டார்ட்டராவே வெச்சுக்கங்கன்னு ஏன் கெஞ்சறான்னு இதுல தெரியும். டீம் பக்கமும் அதே கணக்குதான், வெளிய நல்ல ஸ்டார்ட்டர் வாங்கணும்னா சொத்தை எழுதி வைக்கணும், அதனால உள்ளயே இருக்கற ரிலீவரை மாத்திப் பாக்கறாங்க. எங்க ரெய்னால்டோ லோபஸ் 2024ல அப்படி மாறி 1.99 ஈஆர்ஏ (ஒம்போது இன்னிங்ஸுக்கு குடுக்கற எர்ன்ட் ரன் சராசரி). சேத் லூகோ, மைக்கேல் கிங், க்ளே ஹோம்ஸ் எல்லாரும் இந்த வழில வந்தவங்கதான். லூகோ 2024ல ராயல்ஸுக்கு 206 இன்னிங்ஸ் போட்டு சை யங் (லீக்கோட சிறந்த பிட்சர் விருது) ஓட்டுல ரெண்டாவது வந்தார். லோபஸுக்கு 2025ல ஒரே ஒரு ஸ்டார்ட்டோட தோள்பட்டை காயத்துல சீசனே நின்னு போச்சுங்கறதும் உண்மை.

பாஸ்டன்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கலை. மீனா, ஒரு சந்தேகம். இளம் பிட்சரை புல்பென்ல வெச்சா இன்னிங்ஸ் கம்மி, அதனால கை தப்பிக்கும்னு டிவில அடிக்கடி சொல்றாங்க. ஆனா நீங்க சொன்ன கணக்குல க்ரோஷேவுக்கு ரிலீவரா இருக்கறப்பவே முழங்கை போயிருக்கே?

சௌத்சைட்_மீனா:

ஆமா, அதான் விஷயம். புல்பென் கையை காப்பாத்தும்னு அடிச்சு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. ரிலீவர் பந்து கம்மியா போடறார், ஆனா ஒவ்வொண்ணையும் முழு பலத்துல போடறார், நேத்து போட்டவர் இன்னிக்கும் எழுந்து கை சூடு பண்றார், சூடு பண்ணிட்டு ஆட்டத்துக்கே போகாத நாளும் உண்டு, அந்த பந்து எல்லாம் எந்த கணக்குலயும் வராது. 2024 டிசம்பர்ல எம்எல்பி (மேஜர் லீக் அமைப்பு) வெளியிட்ட பிட்சர் காயம் பத்தின அறிக்கைலயும் வேகத்தைத் துரத்தறது, ஒவ்வொரு பந்தையும் உச்ச பலத்துல போடறது, இதைத்தான் பெரிய காரணமா சொன்னாங்க.

இன்னிங்ஸ் எண்ணி நிறுத்தறதும் முழு பாதுகாப்பு இல்ல. ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010ல ஆபரேஷன் ஆனவர், 2012ல நேஷனல்ஸ் அவரை 159 இன்னிங்ஸ்ல நிறுத்திட்டு அவர் இல்லாமலே ப்ளேஆஃப் ஆடி கார்டினல்ஸ்கிட்ட தோத்தாங்க. 2019ல அதே ஸ்ட்ராஸ்பர்க் வேர்ல்ட் சீரிஸ் எம்விபி (தொடர் நாயகன்). நிறுத்தினதாலதான் 2019 வந்துச்சுன்னு ஒரு கூட்டம், 2012லயே ஜெயிச்சிருக்கலாம்னு இன்னொரு கூட்டம், வாஷிங்டன்ல இன்னும் அந்த சண்டை ஓயலை.

ஸ்காபரோ_பெடியன்:

வணக்கம், நான் ரொறன்ரோ பக்கம் ஸ்காபரோவில இருந்து எழுதுறன். ப்ளூ ஜேஸிலயும் உதே கதை நடந்தது, கனபேர் மறந்திட்டினம் எண்டு நினைக்கிறன். ஏரன் சான்செஸ் 2014ல ரிலீவரா வந்தவர், 33 இன்னிங்ஸில 1.09 ஈஆர்ஏ. 2015ல ஸ்டார்ட்டரா துவங்கி காயப்பட்டு, சுகமாகி வந்தாப்பிறகு திரும்பவும் புல்பென். 2016ல ஸ்டார்ட்டரா விட்டவை, 15 வெற்றி 2 தோல்வி, அமெரிக்கன் லீக்கிலயே ஆகக் குறைஞ்ச ஈஆர்ஏ அவற்றைதான், 3.00. அந்த வருசம் முழுக்க ரேடியோவில ஒரே சண்டை, இவரை ஆகஸ்ட்டோட புல்பென்னுக்கு அனுப்பவேணும் எண்டு ஒரு பகுதி, வேண்டாம் விடுங்கோ எண்டு மற்றப் பகுதி. விட்டவை, 192 இன்னிங்ஸ் போட்டவர். பிறகு 2017ல அவரைக் கெடுத்தது முழங்கையும் இல்லை தோளும் இல்லை, விரலில வந்த கொப்புளம்! ஆர் எதிர்பார்த்தது? அதே டீமில ரொபேர்ட்டோ ஒசூனா இருபது வயசில க்ளோசரா வந்தவர், பிறகு ஸ்டார்ட்டர் ஆக்கலாம் எண்டு கதை அடிபட்டது, ஆனா க்ளோசர் நல்லா செய்யிறான் எண்டா எந்த மேனேஜர் அவனை விடுவான்? அரோல்டிஸ் சாப்மனுக்கும் இதுதான் நடந்தது, 2012ல ரெட்ஸ் அவரை ஸ்டார்ட்டராத்தான் ஆயத்தம் செய்தவை, க்ளோசரா வாங்கின ரயன் மாட்சனுக்கு முழங்கை போக சாப்மனை அங்க மாத்தினவை, இண்டைக்கு வரைக்கும் மேஜர் லீக்கில ஒரு ஸ்டார்ட் கூட இல்லை. டீமின்ர தேவைதான் கனபேற்றை தலையெழுத்தை எழுதுறது.

எனக்கு இதில முக்கியமாப் படுறது ரோய் ஹாலடே. 2000ல அவற்றை ஈஆர்ஏ 10.64. வேற டீம் எண்டா அதோட கைவிட்டிருப்பினம். 2001ல அவரை நல்லாக் கீழ, டனீடினில இருந்த சிங்கிள் ஏ டீமுக்கு அனுப்பி, மெல் குவீன் எண்ட கோச் கை வாற கோணத்தையே மாத்தினவர், முந்தி நல்லா உயரத்தில இருந்து வந்த கையை கீழ இறக்கி பந்து அசையிற மாதிரி செய்தவர். 2003ல சை யங், 266 இன்னிங்ஸ். ஸ்டார்ட்டரோ புல்பென்னோ எண்டு கேக்க முதல், பெடியனை திருத்துறதுக்கு டீமிட்ட பொறுமையும் ஆக்களும் இருக்கோ எண்டுதான் நான் பாப்பன். இப்ப ட்ரே யெசாவேஜ் எங்களிட்ட இருக்கிறார், 2025ல சிங்கிள் ஏயில துவங்கி ஒவ்வொரு படியா ஏறி அதே வருசம் வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது ஆட்டத்தில டாட்ஜர்ஸுக்கு 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வால்க் இல்லை. அவற்றை ஸ்ப்ளிட்டரை (கடைசியில சட்டெண்டு கீழ விழுற பந்து) ஆராலயும் தொட ஏலாமல் போனது. பாத்துக்கொண்டிருந்த எங்களுக்கு கண்ணில தண்ணி வந்திட்டுது. இனி அவரை அவசரப்படாமல் வச்சிருக்க வேணும்.

நிஷிகசாய்_ராம்:

டோக்கியோலேர்ந்து ஒரு குறிப்பு, ஏன்னா ஜப்பான்ல இதை வேற மாதிரி செய்யறாங்க. இங்க ஸ்டார்ட்டர் வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான். ஆனா ஸ்கூல் பசங்க ஆடற கோஷியென் போட்டில பிட்சர்களை வதைப்பாங்க, 2018ல கோசேய் யோஷிதாங்கற பையன் அந்த ஒரே தொடரோட ஆட்டங்கள்ல மட்டும் 881 பந்து போட்டான். அதுக்கப்புறம் எழுந்த சத்தத்துலதான் வாரத்துக்கு 500 பந்துன்னு எல்லை வந்துச்சு.

ரோகி சசாகி அந்த சமயத்துல வந்தவர். 2019ல இவாதே மாநில இறுதி ஆட்டம், ஜெயிச்சா கோஷியென், கோச் சசாகியை இறக்கவே இல்ல, முந்தின நாள்தான் போட்டிருந்தான், கையைக் கெடுக்க மாட்டேன்னுட்டார். டீம் தோத்துச்சு, ஸ்கூலுக்கு ஃபோன் போட்டு ஊரே திட்டுச்சு. அப்புறம் ஜப்பான் ப்ரோ லீக்ல லோத்தே டீம் அவரை எடுத்து 2020 முழுக்க ஒரு ஆட்டத்துல கூட இறக்காம உடம்பை மட்டும் வளர்த்தாங்க. 2022 ஏப்ரல் 10, இருபது வயசு, பெர்ஃபெக்ட் கேம் (ஒருத்தரையும் பேஸுக்கு விடாம முடிக்கற ஆட்டம்), 19 ஸ்ட்ரைக்அவுட், அதுல 13 பேர் வரிசையா. அடுத்த வாரமும் எட்டு இன்னிங்ஸ் ஒருத்தரையும் பேஸுக்கு விடலை, 102 பந்து ஆயிடுச்சுன்னு எடுத்துட்டாங்க! அந்த முடிவு எடுக்க எவ்வளவு மனசு வேணும் யோசிச்சுப் பாருங்க.

இவ்வளவு பாத்துப் பாத்து வளர்த்தும் ஜப்பான்ல ஒரு சீசன்ல 130 இன்னிங்ஸ் கூட அவர் தொட்டதில்ல, 2025ல டாட்ஜர்ஸ் போனதும் எட்டு ஸ்டார்ட்டோட தோள்பட்டை காயம். செப்டம்பர் கடைசில ரிலீவரா திரும்பி, பில்லீஸ் தொடர்ல எட்டு ஒம்போது பத்துன்னு மூணு இன்னிங்ஸ் ஒருத்தரையும் விடலை. அவர்கிட்ட இருக்கறது ஃபாஸ்ட்பால், ஸ்ப்ளிட்டர், மூணாவதா ஸ்லைடர் இன்னும் நம்பி போடற அளவுக்கு வரலை. செல்வா சொன்ன இடத்துலதான் அவரும் நிக்கறார். 2025 சீசன் முடிஞ்சதும் அடுத்து ஸ்டார்ட்டர்தான்னு டாட்ஜர்ஸ் சொன்னாங்க, எனக்கும் அதான் ஆசை, இருபத்தி நாலு வயசுல அப்படி ஒரு கையை ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கறது எனக்கு மனசு ஒப்பலை.

ஃப்ரிஸ்கோ_செல்வா:

குமார், ஸ்ட்ரைடர் விஷயம் சரி, ஆனா அவரை மாதிரி ஒருத்தரை நம்பி டீம் திட்டம் போட முடியாது, ரெண்டே பந்தோட ரொட்டேஷன்ல நிலைச்சவங்க ரொம்ப கொஞ்சம் பேர்.

பாஸ்டன்வாசி, டோலியை புல்பென்ல போட்டதை வெச்சு அவர் கதை முடிஞ்சுதுன்னு எடுத்துக்காதீங்க. செப்டம்பர்ல இளம் ஸ்டார்ட்டரை ரிலீஃப்ல விடறது சகஜம், டேவிட் ப்ரைஸ் 2008ல ரேஸுக்கு அப்படித்தான் வந்து உங்க ரெட் சாக்ஸையே ஏழாவது ஆட்டத்துல கடைசி அவுட் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார், 2012ல சை யங். ஆடம் வெயின்ரைட் 2006 வேர்ல்ட் சீரிஸ் முடிச்ச க்ளோசர், 2007லேர்ந்து வருஷக் கணக்கா ஸ்டார்ட்டர். ஸ்ப்ரிங் ட்ரெய்னிங்ல (சீசனுக்கு முன்னாடி நடக்கற பயிற்சி) டோலியை எத்தனை இன்னிங்ஸ் விடறாங்கன்னு பாருங்க, மூணு நாலுன்னு ஏத்திட்டே போனா ஸ்டார்ட்டர் திட்டம் உயிரோட இருக்குன்னு அர்த்தம், ஒண்ணு ஒண்ணரையோட நிறுத்தினா யோசிக்கணும். ஒருவேளை சீசன் ஆரம்பத்துல அவரை வூஸ்டர்ல ட்ரிபிள் ஏ ஆட விட்டா உங்களுக்கு ஒரு மணி நேர தூரம்தான், போய் ஹோம் ப்ளேட்டுக்கு பின்னாடி உக்காருங்க. மைல் காட்டற போர்டை விடுங்க. ரெண்டாவது சுத்துல வலதுகை பேட்டர் வரும்போது, ரெண்டு பால் (தப்பா போன பந்து) ஆகிட்ட நிலைமைல, என்ன போடறார்னு மட்டும் பாருங்க. அங்க சேஞ்ச்அப்பை தைரியமா போட்டார்னா வந்து இங்க எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.